படையிலிருந்து பம்பி நிலையத்துக்கு

போர்முனையிலிருந்து வீரன் வீடு திரும்புவதைக் கூறும் கதைகள் உலக இலக்கியங்களில் ஏராளம். தாய் வாயிலில் நிற்பாள்; ஊர் திரளும்; விருந்து நடக்கும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவன் எந்த வேலைக்குப் போனான் என்பதைச் சொல்லும் கதைகளோ மிகச் சில. விருந்து ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. பிழைப்பு அப்படி முடிவதில்லை. சீருடையைக் களைந்தவனுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கிறதா, அந்தத் தொழிலை உலகம் ஒப்புக்கொள்கிறதா என்பதே அவனுடைய மீதி வாழ்நாளைத் தீர்மானிக்கும் கேள்வி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் படைச் சேவையை விட்டு வெளியேறுகின்றனர். துப்பாக்கி பிடித்தவர்கள் அவர்களுட் சிறுபான்மையினரே. சமையல் செய்தவர், கணக்கெழுதியவர், பாலங்கட்டியவர், யந்திரம் திருத்தியவர் எனப் பலதிறத்தாரும் அக்கூட்டத்தில் உளர். அவர்களுள் ஒரு சிறு பிரிவினர் எரிபொருள் அமைப்புகளைப் பேணியவர்கள். அதாவது, தாங்கியிலிருந்து விமானத்தின் இறக்கை வரையில் எண்ணெய் செல்லும் வழியைக் காத்தவர்கள். இவர்களுட் சிலர் படையை விட்டதும் அதே வேலையை அரசாங்கத்தின் குடிசார் ஊழியராக மீண்டும் மேற்கொள்கின்றனர். தளமும் அதுவே, குழாயும் அதுவே. உடை மட்டும் வேறு என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். உண்மை அவ்வளவு எளிதன்று.

இவ்வேலையின் அளவை உணர்வதற்கு இலங்கை நேயர்கள் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. திருகோணமலையில் சீனக்குடாவை அடுத்த காட்டினிடையே வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டவர் பலர் இருப்பர். பிரித்தானியக் கடற்படைக்காக எழுந்த அத்தாங்கிகளுள் ஒன்று 1942 ஏப்பிரல் 9ஆந் தேதி யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்தழிந்தது. இன்றும் 99 தாங்கிகள் அங்கே எஞ்சியுள்ளன. 1957இல் பிரித்தானியர் அத்துறைமுகத் தளத்தை விட்டு நீங்கினர். அத்தனை பெரிய உருக்குக் கலங்களையும், அவற்றை இணைக்கும் குழாய்களையும், பம்பிகளையும், வால்வுகளையும் யாரோ சில மனிதர் நாள்தோறும் சுற்றிவந்து பார்த்திருக்கவேண்டும். கப்பலின் பெயரும் தளபதியின் பெயரும் சரித்திரத்தில் நிலைத்துள்ளன. குழாய் பார்த்தவனின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அமெரிக்கப் படைகளில் இத்தொழில் பல வாயில்களால் ஒருவனிடம் வந்து சேர்கிறது. விமானப்படையில் நீர், எரிபொருள் அமைப்புகளைப் பராமரிக்கும் பிரிவொன்று உண்டு. அதற்கான பயிற்சி டெக்சாஸ் மாநிலத்து ஷெப்பேட் விமானப்படைத் தளத்தில் அளிக்கப்படுகிறது. கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் எரிபொருட் பகுதியார் ஊதா நிறச் சட்டை அணிவர். அதனால் மற்றைய மாலுமிகள் அவர்களை வேடிக்கையாக 'முந்திரிகைப் பழங்கள்' என்று அழைப்பதுண்டு. தரைப்படையினரும் மரைன் படையினரும் பாலைவனத்திலே பெரிய பைகளை விரித்து, அவற்றுள் எண்ணெயை நிரப்பி, நெடுங்குழாய் பொருத்தி, ஒரே நாளில் ஓர் எண்ணெய்க் குதத்தை உண்டாக்கக் கற்றவர்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடவேண்டும். பின்னர் வேலை தேடும்போது அது பெரிதாக வந்து நிற்கும். எண்ணெயை இறைத்துக் கொடுப்பவன் வேறு. எண்ணெய் செல்லும் அமைப்பைத் திறந்து திருத்துபவன் வேறு. முதலாமவன் இயக்குநன், இரண்டாமவன் மெக்கானிக். படையில் இருவரும் ஒரே கொட்டகையில் தேநீர் அருந்தியிருப்பர். நெருக்கடியில் ஒருவர் வேலையை மற்றவரும் செய்திருப்பர். குடிசார் சேவையிலோ இரண்டும் வெவ்வேறு பதவிகள்.

இனி, அந்த வேலைதான் என்ன? பெரிய விமானத்தளமொன்றில் எண்ணெய் முதலில் பெருந்தாங்கிகளில் இருக்கிறது. அங்கிருந்து பம்பி நிலையத்துக்கு வந்து, வடிகட்டிகளினூடாகச் சென்று, விமானங்கள் நிற்கும் கொங்கிறீற்றுத் தளத்தின் அடியிலே வளையமாகப் பதித்த குழாயினுள் சுழல்கிறது. ஆங்காங்கே தரைமட்டத்திற் சிறு மூடிகள் உள்ளன. மூடியைத் திறந்தால் குழியினுள் ஒரு வால்வு. அதனோடு ஒரு வண்டியை இணைத்து, வண்டியிலிருந்து விமானத்துக்குக் குழாய் பொருத்துவர். எண்ணெய் ஊட்டுபவனின் கையில் ஒரு பிடி இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரையில் எண்ணெய் பாயும். கை தளர்ந்தால் நின்றுவிடும். அவன் மயங்கி விழுந்தாலும் எண்ணெய் தானாக நிற்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பிடி பழுதின்றி இருக்கிறதா என்று பார்ப்பதும் மெக்கானிக்கின் பொறுப்பே.

விமான எரிபொருளின் முதற்பகை தீயன்று, நீர். பலருக்கு இது வியப்பாயிருக்கும். மண்ணெண்ணெயை ஒத்த அவ்வெரிபொருளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக நீர் கலந்திருக்கும். விமானம் உயரே சென்று குளிரும்போது அந்நீர் பனிக்கட்டியாகி எண்ணெய் வழியை அடைக்கக்கூடும். தாங்கியின் அடியில் நீர் தேங்கினாலோ, எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழுவழுப்பான அழுக்காகத் திரண்டு, உருக்கையும் அரிக்கும். ஆகையினால் வடிகட்டியே இவ்வமைப்பின் உயிர்நிலை. அதன் முதற்பகுதி நுண்துளிகளை ஒன்றுசேர்த்துப் பெருந்துளிகளாக்கிக் கீழே விழச்செய்கிறது. இரண்டாம் பகுதி எண்ணெயை விட்டு நீரைத் தடுக்கிறது.

வடிகட்டியின் இருபுறத்து அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மானி காட்டிக்கொண்டிருக்கும். வடிகட்டியில் அழுக்கு ஏற ஏற அவ்வேறுபாடு சிறிது சிறிதாக உயரும். குறித்த எல்லையை எட்டினால் உள்ளிருப்பதை மாற்றவேண்டும். ஒரு நாள் முள் திடீரெனக் கீழே இறங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவன் மகிழ்வான், வடிகட்டி தானே சுத்தமாயிற்று என்று எண்ணுவான். அனுபவசாலியின் முகமோ மாறிவிடும். உயர்ந்த முள் காரணமின்றித் தாழ்ந்தால் உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்பதே அதன் பொருள். இனி அழுக்கும் நீரும் தடையின்றி விமானத்துக்குப் போகும். உடனே பம்பியை நிறுத்திக் கலத்தைத் திறந்து பார்க்கவேண்டும். ஒரே மானியை இருவர் பார்க்கின்றனர். ஒருவனுக்கு அது நற்செய்தி, மற்றவனுக்கு அபாய அறிவிப்பு. இத்தொழிலின் கல்வி பெரும்பாலும் இத்தகையதே. புத்தகத்திலும் அது எழுதப்பட்டுள்ளது. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு, மழையில், விமானம் காத்து நிற்கும்போது அது நினைவுக்கு வருவதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

தீயை அடுத்துப் பார்க்கலாம். அமெரிக்க விமானப்படை நெடுங்காலம் பயன்படுத்திய ஜே.பி. 4 என்னும் எரிபொருளிற் பெற்றோலின் தன்மை மிகுந்திருந்தது. குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை அது விடும். 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குள் அதன் இடத்தை மண்ணெண்ணெய் வகையான ஜே.பி. 8 பிடித்தது. இதன் ஆவி தீப்பற்றுவதற்கு எண்ணெய் 38 பாகை சென்ரிகிறேட்டையேனும் எட்டவேண்டும். கப்பலுக்குள்ளே தீ மூண்டால் ஓடுவதற்கு இடமில்லையாதலால், விமானந்தாங்கிக் கப்பல்களுக்கான ஜே.பி. 5 எண்ணெய்க்கு அவ்வெல்லை 60 பாகை. ஆயினும் எண்ணெய் குழாயிலும் வடிகட்டியிலும் உராய்ந்து பாயும்போதே மின்னேற்றம் பெறுகிறது. ஆகவே ஒன்றோடொன்றைக் கம்பியால் இணைத்து அம்மின்னேற்றத்தைச் சமப்படுத்திய பின்னரே வேலை தொடங்கும். வெறுந்தாங்கியை நிரப்பும்போது, உள்வாய் எண்ணெயில் மூழ்கும்வரையில், செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்துக்கு மேற்படாமல் விடுவர்.

நிறைந்த தாங்கியைக் காட்டிலும் வெறுமையான தாங்கியே கொடியது. எண்ணெயை வெளியேற்றிய பின்பும் உள்ளே ஆவி நிற்கிறது. தாங்கியைச் சுத்தம் செய்யவோ அடித்தகட்டைச் சோதிக்கவோ மனிதன் அதற்குள் இறங்கத்தான் வேண்டும். இறங்குமுன் உள்ளிருக்கும் காற்றை அளப்பர். ஒட்சிசன் நூற்றுக்கு 19.5 பங்குக்குக் குறையலாகாது. ஆவியோ, தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த அளவின் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது. உள்ளே ஒருவன் போனால் வாயிலில் மற்றொருவன் நிற்பான். அவனுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக்கூடாது. கயிற்றையும் தோழனையும் கவனிப்பதே அவன் வேலை. உள்ளே இருப்பவன் மயங்கி விழுந்தால் வாயிலில் நிற்பவன் என்ன செய்யவேண்டும்? உள்ளே பாயக்கூடாது. வெளியிலிருந்தபடியே கயிற்றால் இழுக்கவேண்டும். மீட்புக் குழுவை அழைக்கவேண்டும். அவ்விடத்தை விட்டு அசையாது நிற்கவேண்டும்.

இவ்விதியைப் படையிலும் கற்பிக்கின்றனர். இருந்தும் படையில் வளர்ந்தவனுக்கு இதைக் காட்டிலும் கடினமான விதி வேறில்லை. விழுந்த தோழனை விட்டுவராதே என்பது அவனுக்கு முதல் வாரத்திலேயே ஊட்டப்பட்ட பாடம். அடைபட்ட கலங்களிலும் கிடங்குகளிலும் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டதோ, மாண்டவர்களிற் பலர் முதலில் விழுந்தவரல்லர், அவரை மீட்க உள்ளே குதித்தவர் என்பதே. அன்பும் துணிவும் அங்கே இரண்டாவது பிணத்தைத்தான் தருகின்றன. வாயிலில் அசையாது நிற்பவனின் துணிவு வேறு வகைத் துணிவு. அதற்குப் பதக்கம் கிடைப்பதில்லை.

இத்தனையும் கற்ற ஒருவன் ஆறு ஆண்டோ, பத்து ஆண்டோ, இருபது ஆண்டோ கழித்து வெளியேறுகிறான். வெளியேறுவதற்கு ஓராண்டுக்கு முன்னரே, குடிவாழ்வுக்கு மாறுவதற்கான ஆலோசனை வகுப்புகள் அவனுக்குத் தொடங்கவேண்டுமென்பது அந்நாட்டு விதி. மேலதிகாரி இசைந்தால், சேவையின் கடைசி 180 நாட்களுக்குள் வெளித் தொழிற்கூடமொன்றிற் பயிலவும் அனுமதி பெறலாம். அப்போதும் படைச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். இறுதியில் டி.டி. 214 என்னும் ஒரு பத்திரம் அவன் கைக்கு வருகிறது. எங்கே சேவித்தான், எவ்வளவு காலம், எந்தப் பதக்கம், எவ்வகையான விடுவிப்பு என்பதெல்லாம் அதில் உண்டு. வீட்டுப் பத்திரத்தைப்போல அதைக் காக்கவேண்டும். அது இன்றி எந்த வாயிலும் திறவாது.

ஆனால் அந்தப் பத்திரம் அவன் சேவித்தான் என்பதற்கே சாட்சி. அவனுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை அவனேதான் எழுதிக்காட்டவேண்டும். பலர் இடறுவது இங்கேதான். படைவீரனுக்குத் தன்னைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை. 'நாங்கள் செய்தோம்' என்றே அவன் சொல்வான். அதிலும் படைக்குள் மட்டும் வழங்கும் சுருக்கெழுத்துகளை அடுக்குவான். 'எரிபொருட் பிரிவில் நான்கு பேருக்குப் பொறுப்பாயிருந்தேன். நற்சான்று பெற்றேன்' என்று எழுதுவான். விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு இதிலிருந்து ஒன்றும் விளங்காது. அவர் தேடுவது வேறு. எந்த வகை வால்வைப் பிரித்துப் பூட்டினாய்? பம்பியின் அச்சை மோட்டாரின் அச்சோடு நேர்ப்படுத்தியிருக்கிறாயா? வரைபடத்தைப் பார்த்துக் குழாயின் போக்கை அறிவாயா? நிலத்தடிக் குழாய் துருப்பிடியாமலிருக்க மின்னோட்டம் செலுத்தும் முறையைச் சோதித்திருக்கிறாயா? இவற்றை யாரும் பக்கத்தில் நின்று காட்டாமல் தனியே செய்திருக்கிறாயா?

கடைசிக் கேள்வியே அச்சாணி. கூட்டாட்சி அரசாங்கத்தின் கைத்தொழிற் பதவிகளுக்குப் பாடசாலைச் சான்றிதழோ பல்கலைக்கழகப் பட்டமோ அளவுகோலன்று. இத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற கணக்கும் பொதுவாக இல்லை. சாதாரண மேற்பார்வைக்கு மேல் வேண்டாது அவ்வேலையைச் செய்ய வல்லவனா என்பதே முதற் சோதனை. அதிலே தவறினால் மற்றத் தகுதிகளை எடுத்துப் பார்ப்பதேயில்லை. ஏழை வீட்டிலிருந்து பதினெட்டாம் வயதிற் படைக்குப் போன பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. எண்ணெயை இறைத்துக் கொடுத்தவன், தான் திருத்தவும் செய்தான் என்பதைக் காட்டாவிட்டால் நின்றுவிடும் இடமும் இதுவே.

முன்னாட் படைவீரருக்கு அரசாங்க வேலையில் முன்னுரிமை உண்டு. அது தானாகக் கனிந்த தயவன்று. முதலாம் உலகப் போரிற் சேவித்தவர்கள், தமக்கு வாக்களித்த கொடுப்பனவை முன்கூட்டியே தரும்படி கேட்டு 1932இல் வாஷிங்டன் நகரிற் கூடினர். வேலையில்லாக் கொடுமையின் உச்சகாலம் அது. அவ்வாண்டு யூலை 28ஆந் தேதி, அந்நாட்டுப் படையே துப்பாக்கி முனையிலும் கண்ணீர்ப் புகையினாலும் அவர்களை விரட்டியது. அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. அக்காட்சியை நாடு மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒருகோடியே அறுபது இலட்சம் பேர் சீருடை அணிந்தனர். அவர்கள் திரும்பிவந்தால் என்னாகும் என்ற கவலை, போர் முடியுமுன்னரே ஆட்சியாளரைப் பிடித்தது. 1944 யூன் 22ஆந் தேதி முன்னாட் படைவீரரின் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் உதவும் சட்டத்திலும், ஐந்து நாட் கழித்து, 27ஆந் தேதி, அரசாங்க வேலையில் முன்னுரிமை தரும் சட்டத்திலும் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் கைச்சாத்திட்டார். அப்போது நோர்மண்டிக் கரையிலே சண்டை நடந்துகொண்டிருந்தது.

அச்சட்டத்தின்படி தகுதியுள்ள படைவீரருக்குப் பரீட்சைப் புள்ளிகளோடு 5 புள்ளிகள் கூட்டினர். சேவையால் ஊனமுற்றவருக்கும், போரிற் காயம்பட்டு 'ஊதா இதயம்' என்னும் பதக்கம் பெற்றவருக்கும் 10 புள்ளிகள். 2010க்குப் பின்னர் பெரும்பாலான பதவிகளுக்குப் புள்ளிமுறை மாறி, விண்ணப்பகாரரைத் தரவகுப்புகளாகப் பிரிக்கும் முறை வழக்கிற்கு வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் படைவீரர் மற்றவர்க்கு முன்னே வைக்கப்படுகின்றனர். இவற்றுக்குப் புறம்பாக, போட்டியின்றியே ஒருவரை நியமித்து, இரண்டாண்டு திருப்தியாகச் சேவித்தபின் நிரந்தரமாக்கும் வழியுமுண்டு. எனினும் முன்னுரிமை என்பது தகுதிக்குப் பதிலாகாது. தகுதியுள்ளவர் வரிசையில் முன்னே நிறுத்துமே தவிர, தகுதியற்றவனை வரிசைக்குள் கொண்டுவராது. இதை அறியாது, 'நாட்டுக்காக உழைத்தேன், வேலை தரவில்லை' என்று மனங்கசந்து திரிபவர் உண்டு. அந்தக் கசப்பை எள்ளி நகையாடுவதும் நியாயமன்று. விண்ணப்பம் எழுதத் தெரியாமை, வேலை தெரியாமையாகிவிடாது.

சம்பளத்திலும் அறியத்தக்க ஒரு முறை உண்டு. மேசை உத்தியோகத்தரின் சம்பளத் திட்டம் வேறு. கைத்தொழிலாளரின் திட்டம் வேறு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தந்தப் பகுதியிலே தனியார் நிறுவனங்கள் இதே வகை வேலைக்கு என்ன கூலி கொடுக்கின்றன என்று விசாரித்து, அதையொட்டி மணிக்கூலி நிர்ணயிக்கப்படுகிறது. ஒவ்வொரு தரத்துக்கும் 5 படிகள். முதற்படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏற 26 வாரம். மூன்றாவதுக்கு மேலும் 78 வாரம். அதன்பின் ஒவ்வொரு படிக்கும் 104 வாரம். ஓய்வூதியத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. படையிற் பெற்ற அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 வீதத்தைக் கட்டினால், அந்தப் படைச்சேவைக் காலமும் குடிசார் ஓய்வூதியக் கணக்கிற் சேரும். முதற் சில ஆண்டுகளுக்குள் கட்டிவிட்டால் வட்டியில்லை. காலந்தாழ்த்தினால் வட்டி ஏறும். இளமையிற் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஐம்பது வயதிலே கணக்குப் பார்க்கும்போதுதான் நெஞ்சில் உறைக்கிறது.

இனி, வேலை கிடைத்த பின்பு நிகழ்வது. படையிலே அவன் சார்ஜன்ட். குடிசார் தொழிற்கூடத்தில் அவன் புதியவன். முதலாண்டு பரீட்சார்த்த காலம். முன்பு கட்டளையிட்டவன் இப்போது குழாய் தூக்குகிறான். இளம் அதிகாரி ஒருவன் தளத்தில் அவனைக் கடந்து போகும்போது, முன்னைய பழக்கத்தால் கை சற்றே உயர்ந்து தாழ்கிறது. இதெல்லாம் சில மாதத்தில் தீரும். தீர நாட்செல்லும் மாற்றம் வேறொன்று. படையினர் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை இடம் மாறுவர், தளபதியும் மாறுவார். குடிசார் மெக்கானிக்கோ இருபது ஆண்டு ஒரே பம்பி நிலையத்தில் இருப்பவன். எந்த வால்வு குளிர்காலத்தில் இறுகும், எந்தக் குழாயின் வரைபடம் உண்மைக்கு மாறாயுள்ளது என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருக்கும். தளத்தின் ஞாபகமே அவன்தான். ஆகையால், 'இதை இப்படிச் செய்யக்கூடாது' என்று சொல்லவேண்டிய கடமையும் அவனுடையதே. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகிய நாவுக்கு அச்சொல் இலகுவில் வருவதில்லை.

அது சொல்லப்படாவிட்டால், அல்லது சொல்லியும் கேட்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை ஹவாய்த் தீவில் உலகம் கண்டது. பேர்ள் துறைமுகத்துக்கு அண்மையில் செங்குன்று எனப் பொருள்படும் றெட் ஹில் என்ற மலைமுகடு உண்டு. வானத்திலிருந்து குண்டு விழுந்தாலும் சேதமுறாதிருக்க, 1940க்கும் 1943க்கும் இடையில் அம்மலையைக் குடைந்து 20 எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம். கொள்ளளவு ஒருகோடியே இருபத்தைந்து இலட்சம் அமெரிக்கக் கலன். அக்காலப் பொறியியலின் அற்புதம் அது. ஆனால் தாங்கிகளின் அடிக்கு 100 அடி கீழே, தீவுமக்கள் குடிக்கும் நிலத்தடி நீர் இருந்தது.

2021 மே 6ஆந் தேதி எண்ணெயை ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகையில் வால்வுகளை உரிய ஒழுங்கில் திறக்கவில்லை. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பின்னர் எண்ணெய் பாய்ந்தபோது அழுத்தம் சம்மட்டியடிபோல் எழுந்து, இணைப்புகளைப் பெயர்த்துவிட்டது. வெளியே சிந்தியது 1,600 கலன் அளவில் என்றும், அதிற் பெரும்பகுதி மீட்கப்பட்டது என்றும் முதலில் அறிவித்தனர். பின்னர் நடந்த விசாரணையிலே சிந்தியது 20,000 கலனுக்கு மேல் என்று தெரியவந்தது. தாங்கியின் அளவுமானி குறைவைக் காட்டியிருந்தது. அக்கணக்கு முற்றாகத் தீர்க்கப்படவில்லை. காணாமற்போன எண்ணெய், தீயணைப்பு அமைப்பைச் சேர்ந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றினுள் புகுந்து, ஆறு மாதத்துக்கு மேலாக அங்கேயே கிடந்தது. நவம்பர் 20ஆந் தேதி, சுரங்கத்துள் ஓடும் சிறு வண்டி அக்குழாயின் வால்வில் மோத, எண்ணெய் கொட்டி நிலத்தடி நீரை அடைந்தது. சில நாளில் வீடுகளின் நீர்க்குழாய்களில் எண்ணெய் மணத்தது. கடற்படையின் நீர் வழங்கலை நம்பியிருந்தோர் ஏறத்தாழ 93,000 பேர். அவர்களிற் பலர் படைவீரரின் மனைவி மக்கள். தலைவலி, வாந்தி, தோல்நோய் என்று பலர் துன்புற்றனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு விடுதிகளிற் தங்க நேர்ந்தது.

வால்வு திறக்கும் ஒழுங்கு என்பது சிறிய காரியம். கணக்கிற் குறைந்த எண்ணெய் எங்கே என்று விடாமற் கேட்பதும் சிறிய காரியமே. பதவியில் உயர்ந்தவரிலிருந்து கீழுள்ளவர் வரையில் பலருடைய தவறுகள் ஒன்றன்மேலொன்றாக ஏறியே அவ்விபத்து நேர்ந்தது என்று விசாரணை கூறிற்று. ஒரு தொழிலாளியின் தலையில் அதைச் சுமத்துவது பொருந்தாது.

2022 மார்ச் 7ஆந் தேதி அந்த எண்ணெய்க் குதத்தை நிரந்தரமாக மூடும்படி பாதுகாப்புச் செயலாளர் ஆணையிட்டார். ஆணை பிறந்த மறுநாளே எண்ணெயை இறக்கிவிட முடியவில்லை. பழுதான அதே குழாய்களினூடாகவே பத்துக்கோடி கலனுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கீழே துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே அழுத்தச் சம்மட்டி மீண்டும் எழுமாயின் முன்னையதிலும் பெரிய கேடு விளையும். ஆகவே முதலில் இருநூறுக்கு மேற்பட்ட திருத்தங்களைச் செய்தனர். குழாய்த் தாங்குகால்களைப் பலப்படுத்தினர், வால்வுகளை மாற்றினர், மானிகளைப் பொருத்தினர், எந்த வால்வை யார் எப்போது திறப்பது என்று எழுதிவைத்து, பயிற்சியாகப் பலமுறை நடத்திப் பார்த்தனர். 2023 ஒக்ரோபரில் எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. அவசரம் எதுவும் காட்டப்படவில்லை. 2024 மார்ச்சில் அவ்வேலை முடிந்தது. அதன்பின் வெறுமையான தாங்கிகளைச் சுத்தம் செய்யும் முறை வந்தது. காற்றை அளந்து, கயிற்றைப் பூட்டி, வாயிலில் ஒருவரை நிறுத்தி, மற்றவர் உள்ளே இறங்கும் அதே வேலை.